இருமினால்தான் நல்ல எண்ணெய்

என் அன்பு மச்சாள் சரோவுக்கு,

நீர் போய்ச் சேர்ந்த இடத்தில் குளிர் இல்லையென்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே வழமைபோலத்தான். மில்லிக்கனில் உம்முடைய வீட்டு வாசலில் ஸ்னோ முழங்காலுக்கு நிற்கிறது. காலையில் உம்முடைய அண்ணர், என்னுடைய மனுசன், சவளும் கையுமாய் நின்று அள்ளினார். பிறகு நாரி நோக இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்து, "சரோ இருந்தா இப்ப ஒரு கோப்பி போட்டுத் தந்திருப்பாள்" என்று எனக்குக் கேட்கச் சொன்னார். நான் போட்டுக் கொடுத்த தேத்தண்ணி அவருடைய கையில் ஆவி பறந்துகொண்டிருக்கிறது, பாரும்! ஆனால் என்ன செய்ய, எனக்கும் உம்முடைய கோப்பியைத்தான் தேடியது.

உமக்கு எழுத வேண்டுமென்று முன்னமே நினைத்தேன். கை வரவில்லை. துக்கத்தால் என்று நினைத்துவிடாதேயும், நான் அழுகிற அளவு அழுது முடித்துவிட்டேன். உமக்குச் சொல்ல நல்ல சேதி ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை, அதுதான். உம்முடைய மனுசன் அழவேயில்லை, மச்சாள். நீர் கண்ணை மூடிய நாள் தொடக்கம் ரத்தினம் அண்ணை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சாப்பாடும் இல்லை. சோற்றுக் கோப்பையைக் கையில் கொடுத்தால் கொஞ்ச நேரம் அளைந்துகொண்டிருப்பார், பிறகு எழும்பிக் கையைக் கழுவிவிடுவார்.

பியூனரல் ஹோமில் உமக்கு எண்ணெயும் அரப்பும் வைத்ததை எங்கேயாவது நின்று பார்த்தீரோ? எல்லோரும் வரிசையாய் வந்து உம்முடைய தலையில் தொட்டு வைத்தோம். நான் வைத்தது பச்சை எண்ணெய். போன வருச ஒலிவ் எண்ணெய் ரின்னின் அடியில் கிடந்ததை ஒரு சின்னப் போத்தலில் வார்த்து ஹான்ட்பாக்கில் கொண்டுபோயிருந்தேன். ஐயர் குனிந்து பார்த்து, "என்ன எண்ணெய் அம்மா உது, பச்சையாய்க் கிடக்கு?" என்று கேட்டார். "அவவின்ர எண்ணெய் ஐயா" என்றேன். மனுசன் தலையை ஆட்டிவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

ரத்தினம் அண்ணையின் முறை வந்தது. வைத்தார், கையைத் துடைத்தார், தள்ளி நின்றார். பிறகு வந்த சனத்துக்குக் கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டு திரிந்தார். "கல்லு மனுசன்" என்று ஒரு அன்ரி என் காதுக்குள் சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்குச் செத்தவீடென்றும் பார்க்காமல் இரண்டு கொடுத்திருப்பேன். அவருக்கு என்ன தெரியும், நீங்கள் இரண்டு பேரும் எவ்வளவு காலம் ஒருவருக்காக ஒருவர் காத்துக் கிடந்தீர்கள் என்று?

உம்முடைய மகன் கண்ணன் ஒவ்வொரு நாளும் எனக்குப் போன் எடுப்பான். "அப்பா நோர்மலா இருக்கிறார் மாமி. அதுதான் ஸ்கேரியா இருக்கு" என்பான். இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு விளங்குகிறது. எனக்கு விளங்காதா? அழாத மனுசன் உள்ளுக்குள் உடைந்து போவான் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தோடு இருந்தபோதுதான் உம்முடைய பழைய கூத்தெல்லாம் நினைவுக்கு வந்தது.

தொண்ணூறுகளில் நாங்கள் ஸ்காபரோவில் அந்த அப்பார்ட்மென்டில் இருந்தோமே, லிப்ட் வேலை செய்தால் அதிசயம் என்று. உம்முடைய அண்ணருக்கு ரெக்ஸ்டேல் பக்கம் ஒரு பக்டரியில் வேலை. பஸ்ஸில் நித்திரை கொண்டு பஸ்ஸிலேயே எழும்புகிற சீவியம். நீர் தனியே வந்து எங்களோடு சேர்ந்தீர். கலியாணம் கட்டிக் கொஞ்சக் காலத்திலேயே ரத்தினம் அண்ணையைக் கொழும்பில் விட்டுவிட்டு வந்திருந்தீர். இங்கே ஒரு நிரந்தர வேலை இருந்தால்தான் அவரை ஸ்பொன்சர் செய்து கூப்பிடலாம். அது ஒன்றைத்தான் நீர் நித்திரையிலும் புலம்பினீர்.

கடைசியில் டன்போர்த்தில் கிரேக்கக்காரர் ஒருவரின் கடையில் வேலை கிடைத்தது. கோஸ்தா என்று பெயர். பருத்த மனுசன், பெரிய மீசை, கடைக்குள் கத்தினால் றோட்டில் கேட்கும். உமக்கு வேலை பீப்பாய்களிலிருந்து ஒலிவ் காய் அள்ளுவதும், பெரிய ரின்னிலிருந்து எண்ணெயைப் போத்தல்களில் வார்ப்பதும். பின்னேரம் வீட்டுக்கு வந்தால் உமக்கு முன்னால் உம்முடைய மணம் வரும். "மச்சாள், நான் ஊறுகாய் மாதிரி மணக்கிறன் என்ன?" என்று கேட்டுச் சிரிப்பீர்.

அந்தக் கடையின் யன்னலோரம் ஒரு சாடியில் சின்ன ஒலிவ் மரம் நின்றது. சின்னச் சின்ன இலை, ஈச்சங்காய் அளவில் காய். நீர் வேலைக்குப் போன புதுசில் அதைக் கண்டுவிட்டு என்ன செய்தீர்? கொழும்பில் றோட்டோரம் விற்கிற வெரளிக்காய் என்று நினைத்து, ஆரும் பார்க்காத நேரம் நாலைந்தைப் பிடுங்கினீர். மதியம் சாப்பிடப் போகிற இடத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடித்தீர்! அந்தக் கைப்பில் நாக்கு இரண்டு நாள் உணர்ச்சியில்லாமல் கிடந்தது என்று சொன்னீர். வேம்பு தோற்றுப் போகுமாம்.

கோஸ்தா கண்டுவிட்டார். ஏசப்போகிறார் என்று நீர் நடுங்க, அந்த மனுசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். ஒலிவ் காயை ஒருவரும் மரத்திலிருந்து பிடுங்கித் தின்பதில்லை என்று அப்போதுதான் சொல்லித் தந்தார். சாப்பிடுகிற காய் வேறு சாதி, அதையும் உப்புத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். இந்தச் சின்னக் காயின் பெயர் கொறோனேக்கி. பிழிவதற்கென்றே வளர்க்கிற சாதி. வெயிலுக்கும் காற்றுக்கும் அசையாது, தண்ணீர் இல்லாத கல்லுப் பூமியிலும் நிற்கும், உருவத்துக்கு மிஞ்சி எண்ணெய் விடும். அன்று வீட்டுக்கு வந்து, "மச்சாள், அந்த மரம் எங்கட ஆக்கள் மாதிரி. குளிர் மட்டும்தான் அதுக்கு ஒத்துவராது" என்றீர்.

பிறகு அந்த நத்தார்ப் பண்டிகை வந்தது. அண்ணருடைய பக்டரியில் எல்லோருக்கும் உறைந்த வான்கோழி கொடுத்தார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் நாங்கள் குளியல் தொட்டிக்குள் போட்டு வைத்திருந்தோம். நீர் ஒரு ரின்னைத் தூக்கிக்கொண்டு வந்தீர். கோஸ்தா கொடுத்தாராம். கடையில் அடுக்கியிருக்கிற மினுங்கல் ரின் இல்லை அது. லேபல் கிடையாது, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது, சணல் கயிற்றால் கட்டியிருந்தது. பின்னறைக்குள் போய் எடுத்துக்கொண்டு வந்து உம்முடைய கையில் வைத்தாராம்.

அண்ணர் திறந்து உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார். பச்சை நிறம், கலங்கல். நக்கினார். அவ்வளவுதான், இருமத் தொடங்கிவிட்டார். நானும் ருசி பார்த்தேன். தொண்டையைப் பிடித்துக் கமறியது. எங்களுக்குத் தெரிந்த எண்ணெய்ச் சட்டம் ஒன்றே ஒன்று: நல்லெண்ணெய் என்றால் தொண்டையில் இறங்குவதே தெரியக்கூடாது. காறினால் கெட்டது. உமக்கும் அதுதான் தெரியும். உம்முடைய முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

"வேலைக்காரிக்கெண்டு ஒதுக்கி வச்ச கழிவு உது" என்று அண்ணர் குதித்தார். "எங்களை என்னெண்டு நினைச்சவன்? நாளைக்குக் கொண்டுபோய் அவன்ர முகத்துக்கு முன்னால வச்சிட்டு வா. அந்த வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்!"

"வேலையை விட்டா இவரைக் கொழும்பிலயிருந்து ஆரண்ணை கூப்பிடுறது?" என்றீர் நீர்.

"சரி, அப்ப விளக்குக்கு ஊத்துவம். எறியிறதோ?" என்று நான் நடுவில் சொன்னேன். நீர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை! "நாங்கள் தின்னாததைச் சாமிக்கு ஏத்திறதோ மச்சாள்?" என்று கேட்டீர். நீர் ரின்னுக்குத் திரும்பக் கயிறு கட்டினீர்.

அடுத்த நாள் எனக்கு வேலை ஓவ். உம்மைத் தனியே விடப் பயந்து நானும் சப்வேயில் உம்மோடு வந்தேன். அண்ணர் ஒரு இங்கிலீசு வசனம் சொல்லித் தந்து அனுப்பியிருந்தார்: "வீ ஆர் நொற் பெக்கர்ஸ்," நாங்கள் பிச்சைக்காரர் இல்லை என்று. நீர் ரின்னை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தீர். ஒவ்வொரு ஸ்ரேசனிலும் நிறுத்துவீர், பிறகு தொடங்குவீர். உம்முடைய கண் கலங்கியிருந்தது. அந்த வசனத்தைச் சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் மானம் போகும். வேலை போனால் ரத்தினம் அண்ணை கொழும்பிலேயே கிடக்க வேண்டியதுதான்.

கடைக்குள் சனம். நீர் ரின்னைக் கவுண்டரில் வைத்தீர். பிள்ளையாரே, நான் கண்ணை மூடிக்கொண்டேன். நல்ல காலம், பாடமாக்கின வசனம் பயத்தில் வயிற்றுக்குள் போய்விட்டது. "மிஸ்ரர் கோஸ்தா, திஸ் ஒயில் நோ குட்" என்று மட்டும் உம்முடைய வாயில் வந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டினீர். இருமியும் காட்டினீர்.

மனுசனுடைய முகம் இருண்டது. ஒரு சின்னக் கோப்பிக் கோப்பையை எடுத்தார், கொஞ்சம் வார்த்தார், கோப்பையை உள்ளங்கைச் சூட்டில் பொத்திப் பிடித்தார், குடித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். முகம் சிவந்தது. இருமினார். திரும்பவும் இருமினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. பிறகு கவுண்டரில் ஓங்கி ஒரு அடி அடித்து, உள்ளே நின்ற தன் மனுசியைக் கூப்பிட்டார். அவரும் குடித்தார், இருமினார், சிலுவை போட்டுக்கொண்டார். வரிசையில் நின்ற ஒரு கிழவர் தானாகவே கையை நீட்டி வாங்கிக் குடித்துவிட்டு அவரும் இருமினார். கடை முழுக்க ஆஸ்பத்திரி போல இருமல். இருமின எல்லோருடைய முகத்திலும் சிரிப்பு!

"நோ குட்?" என்று கோஸ்தா உம்மைப் பார்த்துக் கேட்டார். அவருடைய இங்கிலீசும் எங்களுடைய இங்கிலீசும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. ஆனாலும் அன்று எல்லாம் விளங்கியது. கொறோனேக்கியைப் பச்சையாய் இருக்கும்போதே பறித்து, பறித்த கையோடு பிழிந்தால் அது தொண்டையைப் பிடிக்குமாம். பிடித்தால்தான் உயிருள்ள எண்ணெய். நாள் போகப் போகக் காரம் அடங்கிவிடும். கடைத் தட்டுகளில் இருக்கிற ரின்களைக் காட்டி, அதெல்லாம் வயது போனது, ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிடும் என்றார்.

பிறகு நசுங்கின ரின்னைத் தட்டிக் காட்டினார். அதில் லேபல் ஏன் இல்லையென்றால் அது விற்பதற்கு இல்லை. ஊரில் அவருடைய தம்பியின் மரத்துக் காய். வருசத்துக்கு ஒருதரம் வருகிற புது எண்ணெய், வீட்டு ஆட்களுக்கு மட்டும். "ஃபமிலி" என்று சொல்லி, தன் நெஞ்சைத் தொட்டார், மனுசியைக் காட்டினார், கடைசியாய் உம்மைக் காட்டினார்.

நீர் கவுண்டரில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதீர், மச்சாள். எண்ணெய் காறித்தான் அழுகிறீர் என்று அந்த மனுசன் தின்னப் பாண் துண்டு கொண்டு ஓடி வந்தார். ஏன் அழுதீர் என்று நாங்கள் கடைசிவரைக்கும் அவருக்குச் சொல்லவில்லை. ரின்னைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். நீர் அண்ணருக்கு முன்னால் போய் நின்று, "கையை நீட்டுங்கோ" என்றீர். அவர் குடித்தார், இருமினார். "இருமினாத்தான் நல்ல எண்ணெயாம்" என்று சொன்னீர். "அவனுக்கும் விசர், உனக்கும் விசர்" என்றார் அண்ணர். ஒரு கிழமை போகவில்லை, பிட்டுக்கு மேல் அதைக் களவாய் ஊற்றித் தின்றவர் ஆர்? அவரேதான்!

அதற்குப் பிறகு சாமி விளக்கும் அந்த எண்ணெயில்தான் எரிந்தது. "இப்ப ஏத்தலாம்" என்று நீரே ஏற்றினீர். என் மகள் தர்சினி பெரியபிள்ளையானபோது பச்சை முட்டையோடு நல்லெண்ணெய் கொடுக்கிற இடத்தில் இதைத்தான் கொடுக்க வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றீர். "மாமி, மை த்ரோட் இஸ் ஒன் ஃபயர்!" என்று அவள் கத்தினாள். "அப்ப நல்ல எண்ணெய்தான், குடி" என்றீர். அவள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்துவிட்டு அழுவாள்.

ரத்தினம் அண்ணை வந்து இறங்கின நாள் ஞாபகம் இருக்கோ? என்ன கேள்வி கேட்கிறேன் நான்! நீர் எயார்போர்ட்டில் அழவில்லை. காரிலும் அழவில்லை. அப்பார்ட்மென்டுக்குள் வந்து, அவர் ஜக்கெட் கூடக் கழற்றவில்லை, "கையை நீட்டுங்கோ" என்று உள்ளங்கையில் எண்ணெயை வார்த்தீர். பாவம் மனுசன், தீர்த்தமாக்கும் என்று நினைத்து ஒரே இழுப்பாய்க் குடித்துவிட்டார். இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்துபோய், "என்னப்பா, இவ்வளவு காலம் கழிச்சு வாறவனுக்குக் காறின எண்ணெய் தாறீர்?" என்று கேட்டார். நீர் சிரிக்கத் தொடங்கி அழுதீர், அழுதுகொண்டே சிரித்தீர். அவரும் அப்படித்தான். நானும் அண்ணரும் குசினிக்குள் போய் நின்றோம், செய்துவைத்த இடியப்பம் ஆறினாலும் ஆறட்டும் என்று.

இப்போது டன்போர்த்தில் கோஸ்தாவின் கடை இல்லை. அந்த இடத்தில் போன் விற்கிறார்கள். அவர் உமக்கு முன்னமே போய்விட்டார், அங்கே சந்தித்திருப்பீர். ஆனாலும் ரின் வருவது நிற்கவில்லை. அவருடைய மகள் எலெனி ஒவ்வொரு வருசமும் புது எண்ணெய் வந்தவுடன் உம்முடைய வீட்டுக்குத்தான் முதல் ரின் கொண்டுவருவாள். இந்த வருசமும் கொண்டுவந்தாள். எந்த நாளில் தெரியுமோ? நேற்று, உம்முடைய அந்தியேட்டிக் கிரியை அன்று.

கிரியை எல்லாம் முடிந்து சனம் மதியச் சாப்பாட்டுக்கு இருக்கிற நேரம். கதவு தட்டினது கேட்டு ரத்தினம் அண்ணைதான் போய்த் திறந்தார். எலெனி வாசலில் ஸ்னோவுக்குள் நிற்கிறாள், கையில் கயிறு கட்டின ரின். "நேற்றுத்தான் வந்தது. அவ இல்லாட்டியும் முதல் ரின் இந்த வீட்டுக்குத்தான்" என்று இங்கிலீசில் சொன்னாள். அண்ணை வாங்கினார். "தாங்க் யூ" என்றார். ரின்னைக் கொண்டுபோய்க் குசினியில் ஒரு மூலையில் வைத்துவிட்டு, வழமைபோலக் கதிரை எடுத்துப் போடப் போனார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியாது. ரின்னைத் திறந்துகொண்டு போய் அவருக்கு முன்னால் நின்றேன். "அண்ணை, கையை நீட்டுங்கோ" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். ரின்னைப் பார்த்தார். சின்னப்பிள்ளை போலக் கையை நீட்டினார். வார்த்தேன். குடித்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இருமினார். இருமல் நிற்கவில்லை. படியில் இருந்துவிட்டார். "காறுதப்பா" என்றார். "சரோ, காறுதப்பா. காறுது." அப்படியே அழுதார், மச்சாள். வீடு முழுக்கச் சனம் பார்த்துக்கொண்டு நிற்க, வாய்விட்டு, மூக்கொழுக அழுதார். கண்ணன் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். நான் அவனைப் பிடித்து நிறுத்தினேன். "விடு தம்பி, அப்பா இருமட்டும்" என்றேன். அன்றைக்குக் "கல்லு மனுசன்" என்று சொன்ன அன்ரியும் அங்கேதான் நின்றார், சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, "யோகம், சாப்பாடு இருக்கோ?" என்று கேட்டார். சோறும் பருப்பும் போட்டேன். பருப்புக்கு மேல் அந்த எண்ணெயைத் தானே வார்த்தார். கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். இதைச் சொல்லத்தான் மச்சாள் இந்தக் கடிதம். இனி நீர் நிம்மதியாய் இரும்.

எனக்கு உம்மைத் தேடுகிறது. அது தீராது, தீரவும் வேண்டாம். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். என் உயிர் இருக்குமட்டும், புது எண்ணெய் வருகிற ஒவ்வொரு வருசமும் நான் அந்த வீட்டுக்குப் போவேன். அண்ணையின் கையில் வார்க்கும்போது என் கையிலும் வார்ப்பேன். அந்த மனுசனைத் தனியே இருமவிட மாட்டேன்.

அண்ணன் பெண்சாதியாய் வந்து உமக்கு அக்காவாகிப் போன,
உம்முடைய மச்சாள்
யோகம்